கூடத்து உத்திரத்தில் கரையான்: மருந்து முதலிலா, மரவேலை முதலிலா?

வண்டல்மண் எழுதியது:

வணக்கம். எங்கள் வீடு மயிலாடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவே ஒரு கிராமத்தில் இருக்கிறது, தாத்தா கட்டியது. முன்பக்கம் திண்ணை, ரேழி, கூடம் எல்லாம் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்துக்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய காலத்துத் தளம்), தேக்கு உத்திரம். பின்கட்டில் அடுப்படியும் சாமான் அறையும் ஓடு. எனக்குக் கோயம்புத்தூரில் வேலை, அங்கே அப்பா அம்மா மட்டும்தான்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் கூடத்து மூலையில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டும்போது, தரையிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு மண்கோடு சுவரோடு மேலே ஏறுவதைக் காட்டினார். அது நேராக உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் போய் முடிகிறது. ஏணி போட்டு ஏறி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன், சுவரை ஒட்டின இடத்தில் பாதி வரைக்கும் சிரமமே இல்லாமல் இறங்கியது. ஒரு முழம் தள்ளிக் குத்தினால் இரும்பு மாதிரி இருக்கிறது. சாமான் அறை வாசல் நிலையும் காலி, பெயின்ட் மட்டும்தான் நிற்கிறது, விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. இது போக அம்மாவின் பழைய மர பீரோவுக்கு அடியில் தினமும் பெருக்கப் பெருக்க ஏதோ தூள் கொட்டுகிறது. போன வாரம் பெய்த கோடை மழைக்கு விளக்கைச் சுற்றி ஈசல் வேறு, காலையில் பார்த்தால் கூடம் முழுக்க இறக்கை.

மூன்று பேரைக் கேட்டாயிற்று. பூச்சி மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர் வந்து வீடு முழுக்கத் தரையில் துளை போட வேண்டும் என்றார். தரை தாத்தா காலத்து சிவப்பு சிமெண்ட், இன்றைக்கும் முகம் பார்க்கலாம். அதில் டிரில் வைத்தால் நான் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டார். இன்னொரு ஆள், துளை எல்லாம் வேண்டாம், எண்ணெய் ஒன்று இருக்கிறது, மரத்துக்கு மேலே அடித்தால் போதும், பத்து வருஷ கேரண்டி என்கிறார். மாமா முறை ஆகும் ஒரு ஆசாரி, எல்லா மரத்தையும் பிடுங்கிவிட்டு கான்கிரீட் போட்டுவிடு என்கிறார்.

கொல்லையில் அடுப்படிச் சுவரிலிருந்து நாலைந்து அடியில் கிணறு இருக்கிறது, குடிக்கவும் அதுதான். வேப்பமரத்தடியில் ஒரு புற்றும் உண்டு. அம்மா வெள்ளிக்கிழமை பால் ஊற்றுவார், அதைத் தொடக் கூடாது என்று இப்போதே உத்தரவு. எதிலிருந்து ஆரம்பிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உளிச்சத்தம் எழுதியது:

தம்பி, முதலில் பீரோவையும் உத்திரத்தையும் ஒரே கணக்கில் சேர்க்காதீங்க. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வீட்டில் இரண்டு வேறு பூச்சி இருக்கிறது.

மண்கோடு போட்டு ஏறுவது மண்ணில் கூடு வைத்திருக்கும் கரையான். அதற்கு ஈரம் இல்லாமல் முடியாது, வெளிச்சத்திலும் காற்றிலும் உடம்பு காய்ந்து செத்துப்போகும், அதனால்தான் எச்சிலும் மண்ணும் குழைத்துக் கூரை போட்டுக்கொண்டு வருகிறது. அது தின்ற மரத்தை உடைத்துப் பார்த்தால் நார் வாக்கில் அடுக்கடுக்காகப் பள்ளம் இருக்கும், பள்ளம் எல்லாம் மண் அப்பியிருக்கும். தூள் கொட்டாது. கொட்டுகிறது என்றால் அது வேறு ஆள்.

பீரோவுக்கு அடியில் கறுப்புத் தாள் ஒன்றை விரித்து வைத்து மறுநாள் எடுத்துப் பாருங்கள். கசகசா மாதிரி தனித்தனி மணியாக, உருட்டினால் உருளும்படி இருந்தால் அது உலர்மரக் கரையான். அதற்கு மண்ணே வேண்டாம், மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும், அந்த மணி அதன் எச்சம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை தெரியும். அப்படி இல்லாமல் விரலில் தேய்த்தால் துகளே தெரியாத நைஸ் பவுடராக இருந்து, மரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் இருந்தால் அது உளு வண்டு. மூங்கில், மா, ரப்பர் மரம், தேக்கில் ஓரத்து வெள்ளைப் பகுதி, இதெல்லாம் அதற்குப் பிடித்தது. வைரம் பாய்ந்த இடத்துக்கு, அதாவது மரத்தின் நடுவில் இறுகிப்போன பகுதிக்கு, உளு வராது.

தேக்கு என்பதால் கரையான் வராது என்று சொல்கிறவர்கள் உண்டு. வைரத்தைத்தான் அது சீக்கிரம் தொடாது, ஓரத்து வெள்ளையைச் சாப்பிட்டுவிட்டுப் போகும். தாத்தா காலத்து உத்திரத்தில் வெள்ளை குறைவு, அதனால்தான் ஒரு முழம் தள்ளி இரும்பாக இருக்கிறது. இப்போது கடையில் வரும் நாட்டுத் தேக்கில் பாதிக்குப் பாதி வெள்ளை. அதை வாங்கி மாட்டிவிட்டுப் பழைய மரத்தை ஆசாரி தூக்கிக்கொண்டு போனால் யாருக்கு லாபம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆசாரியைக் குறை சொல்லவில்லை, நானும் அந்த வேலைதான்.

ஒன்று மட்டும் செய்யாதீங்க. மண்கோட்டைப் பார்த்ததும் ஆத்திரத்தில் மொத்தமாகச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் அடிப்பது. அந்த வழி அடைத்தால் அது சுவருக்குள் இன்னொரு வழியில் போகும், உங்களுக்குத்தான் தடம் தெரியாமல் போகும். நடுவில் ஒரு அங்குலம் மட்டும் உடைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் ஈர மண் வைத்து மூடியிருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. வீட்டில் எல்லா நிலையையும், ஜன்னல் கட்டையையும், பரண் பலகையையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் கணீரென்று கேட்கும், தின்ற மரம் டொக்கு. எது டொக்கோ அதில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அப்புறம் பேசலாம்.

தட்டோடு எழுதியது:

நான் சிவில், பழைய கட்டட வேலை நிறையச் செய்கிறேன். மருந்தா மரமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: முட்டு. இன்றைக்கே அப்பாவுக்கு போன் போட்டு, உத்திரத்தின் அந்த முனைக்குக் கீழே, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, சென்ட்ரிங்காரர்களிடம் இருக்கும் இரும்பு ஜாக்கி ஒன்றை வாடகைக்கு எடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். அடியில் தடித்த பலகை போட்டால் பாரம் பரவும், சிவப்புத் தரையும் வெடிக்காது. ஜாக்கியை இறுக்கி உத்திரத்தைத் தூக்கப் பார்க்கக் கூடாது, தொட்டுக்கொண்டு நின்றால் போதும். தூக்கினால் மேலே தளம் விரிசல் விடும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், மெட்ராஸ் டெரஸ் லேசான தளம் கிடையாது. உத்திரத்துக்கு மேல் குறுக்குச் சட்டம், சட்டத்துக்கு மேல் சின்னச் செங்கல்லை நெட்டுக்கு நிறுத்திச் சாய்வாகச் சுண்ணாம்பில் ஒட்டியிருப்பார்கள், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்த தளம், அதற்கும் மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. இந்த மொத்த எடையும் கடைசியில் உத்திரத்தின் இரண்டு முனைகள் வழியாகத்தான் சுவருக்கு இறங்குகிறது. நடு உத்திரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முனை போனால் போனதுதான். முனை எப்போதும் சுவருக்குள் மறைந்திருப்பதால் கடைசியில்தான் கண்ணில் படும்.

ஒரு கேள்வி. கரையான் அத்தனை உயரம் ஏறிப் போய் அந்த ஒரு முனையை மட்டும் பிடித்திருக்கிறது, பக்கத்து உத்திரங்களைத் தொடவில்லை என்றால் அங்கே ஈரம் இருக்கிறது. மொட்டை மாடியில் அந்த இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது? தண்ணீர் டேங்க், அடைத்த தூம்பு (மழைத்தண்ணீர் வெளியேறும் வழி), கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று, இந்த மூன்றில் ஒன்று இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

இன்னொன்று, சமீபத்தில் அந்தச் சுவருக்கு சிமெண்ட் பூச்சு போட்டிருக்கிறார்களா? சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் போட்டு, டிஸ்டம்பரும் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கும். உத்திரம் நுழையும் பொந்தைச் சுற்றி சிமெண்டால் அடைத்திருந்தால் அதைக் கொத்தி எடுத்துவிடுங்கள். மர முனைக்கு இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி விட்டுக் காற்று பட வைக்க வேண்டும்.

ஈசல்வேட்டை எழுதியது:

மருந்து அடிக்கும் தொழிலில் இருக்கிறேன், அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

மரத்துக்கு மேலே எண்ணெய் அடித்தால் பத்து வருஷம் என்று சொன்னவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கரையான் கூடு மண்ணில் இருக்கிறது. நீங்கள் பார்ப்பது இரை தேடி வரும் வேலைக்காரக் கூட்டம் மட்டும்தான், இராணி கீழே நிம்மதியாக முட்டை போட்டுக்கொண்டிருக்கும். மரத்துக்கு அடிப்பது தப்பில்லை, ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை, மண்ணுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மருந்து வேலி.

கட்டி முடித்த வீட்டுக்கு எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு ஐஎஸ் 6313, மூன்றாம் பகுதி என்று இந்தியத் தர விதி இருக்கிறது. தரையும் சுவரும் சேரும் கோட்டில் 12 மில்லிமீட்டர் துளை, துளைக்குத் துளை 300 மில்லிமீட்டர், அதாவது ஒரு அடி, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் கரைசல். வெளியே அஸ்திவாரச் சுவரை ஒட்டி ஒரு அடி ஆழத்துக்கு மண்ணைப் பறித்து மருந்து ஊற்றி மூட வேண்டும். நிலை, ஜன்னல் கட்டை சுவரோடு சேரும் இடத்தில் சின்னத் துளை போட்டு உள்ளே ஏற்ற வேண்டும். இதில் எந்த இடத்தில் மிச்சம் பிடிப்பார்கள் என்றால், ஒரு லிட்டர் இறங்க வேண்டிய துளையில் ஒரு டம்ளர் ஊற்றி வெள்ளை சிமெண்டால் அடைத்துவிட்டுப் போவார்கள். வேலை நடக்கும்போது வீட்டில் யாராவது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மருந்து இரண்டு வகை அதிகம் புழக்கத்தில் இருக்கிறது (பேருக்குப் பின்னால் வரும் நம்பர் பாட்டிலில் மருந்து எத்தனை சதவீதம் என்பது). குளோர்பைரிபாஸ் 20 ஈசி என்றால் ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர். மலிவு, ஆனால் நாற்றம் பல நாள் நிற்கும். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு 2000-லேயே அதை நிறுத்த முடிவெடுத்துவிட்டார்கள், வயசானவர்கள் இருக்கும் வீட்டுக்குள் நான் அதைக் கொண்டு போவதில்லை. இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்சி என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. நாற்றம் இல்லை. மருந்து இருப்பது கரையானுக்குத் தெரியாது, அதன் வழியாகவே நடந்து போய்க் கூட்டில் மற்றதுக்கும் ஒட்டிவிடும். எதுவானாலும் சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், லேபிளைப் போட்டோ எடுத்து வையுங்கள். இந்தத் தொழிலுக்கு 1968 பூச்சிமருந்துச் சட்டப்படி லைசன்ஸ் வேண்டும், அதைக் காட்டச் சொன்னால் கோபப்படுகிற ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள்.

அப்பாவின் சிவப்புத் தரைக்கு வழி இருக்கிறது. தரையில் துளை போடாமல் சுவரில், தரை மட்டத்துக்கு நாலு விரல் மேலே, 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து, முடிந்தால் உள்ளே வெளியே இரண்டு பக்கமும் துளை போட்டால் மருந்து அஸ்திவாரத்துக்கு இறங்கும். வேலை அதிகம், நேரம் அதிகம், அதனால் கம்பெனிக்காரர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். செங்கல் சுவர் என்றால் இது நன்றாகவே எடுபடும். துளை போடும் முன் ஒயர் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிணறுதான் எனக்குப் பயம். நாலைந்து அடி என்றால் அந்த அடுப்படிச் சுவருக்கு மண்ணில் மருந்து வேண்டவே வேண்டாம். இமிடாகுளோபிரிட் தண்ணீரோடு நகரும், மற்றது மீனுக்கு விஷம், குடிதண்ணீரில் எதற்கு விஷப்பரீட்சை. அந்தப் பக்கம் விறகு, விராட்டி, தென்னை மட்டை எதையும் சுவரில் சாய்க்காமல் காலி செய்துவிட்டு, சுவரை ஒட்டி மூன்றடிக்கு சிமெண்ட் தளம் போட்டு, கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள். மற்ற மூன்று பக்கத்துக்கு மட்டும் மருந்து. உங்கள் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் கையெட்டும் ஆழத்தில் தண்ணீர் நிற்கும். சித்திரை வைகாசியில், மேட்டூரில் தண்ணீர் திறந்துவிடும் முன்னால், நிலத்தடி நீர் கீழே இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

அல்லிக்குளம் எழுதியது:

நான் நாகர்கோவில் பக்கம். இத்தனை மருந்துப் பேர் எழுதியிருக்கிறீர்கள், எங்கள் வீட்டில் ஓட்டைத் தாங்குகிற அறுபது வருஷக் கைமரம் இன்னும் நிற்கிறது, ஒரு சொட்டு மருந்து அடித்ததில்லை. அண்டிக்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கிற எண்ணெயை ஓடு மாற்றும்போதெல்லாம் மரத்துக்கு இரண்டு கை பூசுவோம், அவ்வளவுதான். கடற்கரையில் வள்ளத்துக்கே அதைத்தான் பூசுகிறார்கள். வேப்பெண்ணெயும் நல்லது. எல்லாவற்றுக்கும் பாட்டிலைத் தேடி ஓட வேண்டுமா?

ஈசல்வேட்டை எழுதியது:

அக்கா, முந்திரி எண்ணெயை நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல சரக்கு. ஆனால் அது இன்னும் கரையான் பிடிக்காத மரத்துக்கு முன்கூட்டியே பூசுவது. இவர் வீட்டில் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, உங்கள் கைமரம் ஓட்டுக்குக் கீழே நாலு பக்கமும் காற்றுப் பட நிற்கிறது, இவர் உத்திரத்தின் முனை ஈரச் சுவருக்குள். தண்டல்மண் சார், ஸாரி, வண்டல்மண் சார், பூசுவதாக இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீங்க, தோல் வெந்துவிடும். வேப்பெண்ணெய் நாலு மாசத்தில் வாசனையோடு போய்விடும்.

அல்லிக்குளம் எழுதியது:

வெந்துபோகும் என்பது உண்மைதான், பூசுகிற ஆள் முதலில் கை முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். மற்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன், சரி விடுங்கள்.

பீரோ விஷயம் ஒன்று சொல்கிறேன். கடற்கரைப் பக்கம் உலர்மரக் கரையான் எங்களுக்குப் பழக்கம். பீரோவை வெயிலில் போடு என்று எல்லோரும் சொல்வார்கள். மரத்தின் நடு வரைக்கும் 50 டிகிரிக்கு மேல் சூடு ஏறி அரைமணி நேரமாவது நின்றால்தான் அது சாகும், வெயிலில் மேல் பலகைதான் சுடும், அது உள்ளே நகர்ந்து போய் உட்கார்ந்துகொள்ளும், பீரோ விரிசல் விட்டதுதான் மிச்சம். மணி விழுகிற ஓட்டையைத் தேடுங்கள். அநேகமாக ஒரே பலகையில்தான் இருக்கும். அந்தப் பலகையை மட்டும் கழற்றி எரித்துவிட்டு வேறு போடுவதுதான் செலவு கம்மி. பலகை வேண்டும் என்றால் ஓட்டைகளில் ஊசியால் மருந்து ஏற்றி மெழுகால் அடைத்து, மறுபடி மணி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பீரோவில் பட்டுப்புடவை இருந்தால் முதலில் அதை வெளியே எடுக்கச் சொல்லுங்கள் அம்மாவை.

வண்டல்மண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, சனி ஞாயிறு ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

தட்டோடு சார், உங்கள் பந்தயம் ஜெயித்துவிட்டது. ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், சரியாக அந்த உத்திரத்து முனைக்கு மேலே. நிரம்பி வழிகிற பைப்பைத் தூம்புக்கு விடாமல் கைப்பிடிச் சுவர் ஓரத்திலேயே விட்டிருக்கிறார்கள், அங்கே தட்டோடு நாலு பெயர்ந்து பாசி பிடித்துக் கிடக்கிறது. முட்டு கொடுத்தாகிவிட்டது. மண்கோட்டில் உடைத்த இடத்தை மூடியிருந்தது, மண் இன்னும் ஈரமாக இருந்தது. பிய்த்துப் பார்த்தபோது வெளுத்த சின்னப் பூச்சிகள் இரண்டு பக்கமும் உள்ளே ஓடின, பழுப்புத் தலையோடு நாலைந்து மட்டும் வாயைத் திறந்துகொண்டு அங்கேயே நின்றன.

பீரோவில் மணிதான், உருளுகிறது. தட்டிப் பார்த்ததில் சாமான் அறை நிலை, அதன் பக்கத்து ஜன்னலின் கீழ்க்கட்டை, இரண்டுக்கும் வட்டம் போட்டிருக்கிறேன். ரேழி நிலையெல்லாம் கணீர். சாமான் அறைக்கு வெளியே சுவரை ஒட்டி முன்னே ஒரு தென்னை இருந்தது, கஜா புயலுக்கு விழுந்ததை அறுத்துவிட்டு அடிக்கட்டையை மண்ணில் அப்படியே மூடியிருக்கிறார்கள்.

சுவரில் சாய்வாகத் துளை என்றதும் அப்பா இறங்கி வந்துவிட்டார். புற்றுதான் பாக்கி. மருந்து ஆள் ஒருவர், கடப்பாரையால் புற்றை உடைத்து ஊற்றாமல் வேலை எடுக்க மாட்டேன் என்கிறார். அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார்.

முட்டுக்கு அப்புறம் உத்திரத்துக்கு நிரந்தரமாக என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

உளிச்சத்தம் எழுதியது:

தென்னை அடிக்கட்டையைத் தோண்டி எடுங்க, வேரோடு. பாதி வியாதி அங்கே. வீடு கட்டும்போது மிஞ்சின சென்ட்ரிங் பலகைத் துண்டு, முளைக்குச்சி இதையெல்லாம் அஸ்திவாரத்துக் குழியிலேயே போட்டு மண் மூடுவார்களே, அதுவும் இதே கதைதான்.

சாமான் அறை நிலைக்கு மரமே வேண்டாம் என்று நினைத்தால் கருங்கல் நிலையோ சிமெண்ட் நிலையோ வையுங்கள். ஆனால் கல் நிலை வைத்ததால் கரையான் வராது என்று இல்லை, அதன் பின்னால் சுவரோடு ஏறி உள்ளே இருக்கிற பலகைக்குப் போய்விடும். பிளைவுட்டுக்கும் அதே கதை. தண்ணீர் தாங்கும் பிளைவுட் என்றால் பசை தண்ணீரைத் தாங்கும் என்றுதான் அர்த்தம், மருந்து ஏற்றியதா என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மூங்கில்தோப்பு எழுதியது:

புற்றைப் பற்றி ஒரு வார்த்தை, விவசாயக் கல்லூரியில் பூச்சியியல் படித்தவன் என்ற முறையில். வயல்வெளியில், மரத்தடியில் மேடு கட்டுகிற கரையான் அங்கே உள்ளே காளான் தோட்டம் போட்டு வாழ்கிறது, கொண்டு வருகிற காய்ந்த இலை, சாணி, வைக்கோல் எல்லாம் அந்தக் காளானுக்குத்தான் தீனி. மழைக்குப் புற்றிலிருந்து வருகிற காளானை நாம் பறித்துக் குழம்பு வைக்கிறோமே, அதுவேதான். உங்கள் உத்திரத்தில் ஏறியது இந்தப் புற்றுக் கூட்டம்தான் என்று யாரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. மேடே கட்டாமல் மண்ணுக்குள் இருக்கிற இனங்களும் வீட்டுக்குள் வரும். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை எனக்கு அந்தத் தென்னங்கட்டை மேல்தான் சந்தேகம்.

புற்றை உடைத்தாலும் இராணி அகப்படாவிட்டால் மறுபடி கட்டிவிடும். அதனால் அம்மா சொல்கிறபடியே விட்டுவிடுங்கள், வீட்டைச் சுற்றி வேலி சரியாக இருந்தால் அது வேப்பமரத்தடியில் இருந்துவிட்டுப் போகட்டும். புற்றை உடைத்தால்தான் வேலை என்கிற ஆளை மாற்றுங்கள், வேறு ஆள் கிடைப்பார். அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள், பூஜைச் சாமானோடு வருகிற பழைய காகிதம், தென்னங்கீற்று, வாழைமட்டை எல்லாவற்றையும் புற்றிலிருந்து வீட்டுப் பக்கமாகக் குவித்து வைக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

தட்டோடு எழுதியது:

டேங்கைப் பார்த்தீர்களா. ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன், அது கரையான் தின்ற முனைக்கு மேலே இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது. முதலில் அதைக் காலி செய்து இறக்குங்கள். கொல்லையில் தனியாக இரும்புத் தாங்கி போட்டு அதன் மேல் வைக்கலாம், இனி மெட்ராஸ் டெரஸில் எங்கேயும் டேங்க் வேண்டாம். பெயர்ந்த தட்டோட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சுண்ணாம்பிலேயே சரி செய்யுங்கள்.

உத்திரத்துக்கு: பொந்தைப் பெரிதாக்கி முனையை முழுக்கத் திறந்து பாருங்கள். நைந்த பாகத்தை உளியால் எடுத்துக்கொண்டே போனால் நல்ல மரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியும். சுவர் மேல் உட்கார வேண்டிய நீளத்தில் பாதிக்கு மேல் போயிருந்தால், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் போயிருக்கிறது, மொத்த உத்திரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. உத்திரத்தின் இரண்டு பக்கமும் சி எழுத்து வடிவ இரும்புச் சட்டம் (சி சேனல்) வைத்து, நல்ல மரம் இருக்கிற இடத்தில் போல்ட் போட்டு முறுக்கி, சேனலின் முனை சுவருக்குள் ஒரு கருங்கல் படுகல் மேல் உட்காரும்படி செய்யலாம். சேனல் எந்த அளவு, போல்ட் எத்தனை, மரத்துக்குள் எவ்வளவு நீளம் என்பதை நேரில் வந்து உத்திரத்தின் நீளத்தையும் தளத்தின் கனத்தையும் அளந்த ஆள்தான் சொல்ல வேண்டும், நான் இங்கே உட்கார்ந்து நம்பர் எழுதினால் அதை எடுத்துக்கொண்டு போய் வெல்டிங் பட்டறையில் கொடுத்துவிடுவீர்கள். மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ பழைய வீடு பார்த்த இன்ஜினியர் ஒருவரைப் பிடியுங்கள். முதலிலேயே இடித்துவிடலாம் என்று சொல்பவர் என்றால் இன்னொருவரையும் கேளுங்கள்.

வரிசை: டேங்க் இறங்கட்டும், சுவர் காயட்டும், அடிக்கட்டையைத் தோண்டுங்கள், மண்ணுக்கு மருந்து, அப்புறம் சேனல். சேனல் வைத்து மூடும் முன்னால் திறந்து கிடக்கிற அந்த மர முனைக்கும் பொந்துக்கும் ஈசல்வேட்டை சொன்ன மருந்தை நன்றாக ஊற வையுங்கள், அப்புறம் உங்களுக்கு அந்த இடத்தில் கை வைக்க வாய்ப்பே கிடைக்காது. மற்ற உத்திரங்களின் நடுவில் நூல் பிடித்துப் பாருங்கள், எதிலாவது தொய்வு இருந்தால் அளவை எழுதி வையுங்கள், ஐப்பசி மழைக்கு அப்புறம் மறுபடி அளந்து பார்க்கலாம்.

அல்லிக்குளம் எழுதியது:

சேனல் மாட்டும் முன் மீதி உத்திரத்துக்கு அண்டி எண்ணெய் ஒரு கை பூசினால் என்ன குறைந்துவிடும்?

ஈசல்வேட்டை எழுதியது:

பூசட்டும் அக்கா. மருந்து நன்றாக ஊறிக் காய்ந்த பிறகு. முதலில் எண்ணெயைப் பூசிவிட்டால் மருந்து மரத்துக்குள் இறங்காது.